பழி ஆசிரியர் மீதா?

வகுப்பறைக் கருவிகள் தூசி படிந்து கிடக்க ஆசிரியர்களின் தயக்கமே காரணம் என்று வாதிடுவோர், பெரு நாட்டைப் பார்க்கட்டும்.

அந்நாட்டு அரசு பள்ளிகளுக்கு 8 லட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகளை வழங்கியது. 319 கிராமப்புறப் பள்ளிகளை ஆராய்ந்து, அமெரிக்க நாடுகளின் மேம்பாட்டு வங்கி 2012இல் வெளியிட்ட ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றத்துக்குச் சான்றில்லை என்றது. இதில் வியப்பென்ன? அப்போது பெரும்பாலான பள்ளிகளில் இணையமே இருக்கவில்லை. ஆசிரியர்களுக்குத் திட்டமிட்ட பயிற்சி வெறும் 40 மணி நேரம். பாடத்தோடு கருவியை இணைக்கும் வழிகாட்டலோ மிகக் குறைவு.

தயக்கமாம்!

திரை அணைந்ததும் சாக்பீஸை எடுத்து, நாற்பது பிள்ளைகளின் கவனம் சிதறாமல் பாடத்தைத் தொடர்பவர் ஆசிரியர்தான். அந்தத் திறமையைக் குறையென்று எழுதுவது அநியாயம். கருவி வாங்கும் ஒப்பந்தத்தில் பழுதுபார்க்க எவ்வளவு ஒதுக்கினார்கள், கிராமத்துப் பள்ளிக்கு எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதை ஆசிரியரைப் பழிப்போர் முதலில் சொல்லட்டும்.