ரோலரில் போன கையும் கொழும்பில் இருக்கும் நட்டஈடும்

ஹல்துமுல்லை என்றதும் 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையைப் புதைத்த மண்சரிவே எம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அதே மலைகளில் தேயிலைத் தொழிற்சாலை ரோலரில் ஒருவரின் கை சிக்கினால் அது செய்தியாவதில்லை.

சட்டம் இல்லாமலில்லை. ஆபத்தான இயந்திரப் பாகங்களை மறைத்துக் காப்பிட வேண்டும் என்கிறது 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். வேலையில் காயமடைந்தவருக்குத் தொழில்தருநர் நட்டஈடு செலுத்த வேண்டும் என்கிறது 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். அதன் உச்சத்தொகை 2022இல் 550,000 ரூபாவிலிருந்து 2,000,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

ஆனால், அதைக் கோர விபத்துப் பதிவு, மருத்துவ அறிக்கை, விண்ணப்பம் எல்லாம் வேண்டும். தீர்மானிக்கும் ஆணையாளரின் அலுவலகம் இருப்பதோ கொழும்பில். காயமடைந்தவர் குடியிருக்கும் லயன் அறையும் வீட்டாரின் வேலையும் தோட்ட நிர்வாகத்தின் கையில். அந்தப் பயத்தில், ‘இலகு வேலை தருகிறோம்’ என்ற வாய்வார்த்தையே போதுமென்று ஒதுங்க நேர்கிறது.

போரில் அவயவம் இழந்தவர்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்ததை நாம் அறிவோம். காயத்தைச் சுமப்பதோடு அதை நிரூபிக்கவும் வேண்டும். ஆகவே நான் கேட்பது புதிய சட்டமல்ல. விபத்து நடந்த அன்றே அதைப் பதிவுசெய்வித்து, கோரிக்கையைக் கொழும்புவரை கொண்டுசெல்லும் பொறுப்பைத் தொழிற்சங்கங்கள் ஏற்க வேண்டும். சந்தா வாங்குகிறார்களே, அது இதற்காவது உதவட்டும்.