சகுரா எதற்கு? ஆம்பூருக்குப் புங்கமும் ஆவாரமும் போதும்

மார்ச் கடைசி வந்தாலே ரீல்ஸ் முழுக்க ஜப்பானின் சகுராதான். டோக்கியோவின் உயேனோ பூங்காவில் மரத்தடியில் விரிப்பைப் போட்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. 'நம்ம ஊர்ல இதெல்லாம் எங்கே?' என்று பெருமூச்சு விடுகிறது வேலூர், ஆம்பூர் இளைஞர் கூட்டம்.

ஆனால் அந்த அழகு தானாக முளைத்ததல்ல. 1720-களில் ஷோகன் யோஷிமுனே, சாதாரண ஜனங்கள் பூ பார்க்க வரட்டும் என்றே அசுகாயாமா குன்றில் செர்ரி மரங்களை நடவைத்தார். 1873-ல் அதுவும் உயேனோவும் பொதுப் பூங்காக்கள் ஆயின.

இங்கேயும் பூவுக்குப் பஞ்சமில்லை. பங்குனியில் புங்கமரத்தடியைப் பாருங்கள், பொரி இறைத்த மாதிரி இருக்கும். ஆவாரம் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும். குரோமியம் வருவதற்கு முன்பு தோல் பதனிட உதவியது அதன் பட்டைதான். தொழிலுக்குப் பட்டை கொடுத்த செடியின் பூவை ஊர் கண்டுகொள்ளவே இல்லை.

தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஈட்டில் ஒரு பங்கு நிழலாகவும் வரட்டும். வாரமெல்லாம் ஷூ கம்பெனியில் உழைக்கும் பெண்கள், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு பாய் விரித்து உட்கார ஊருக்கொரு புங்கந்தோப்பு வேண்டும். ஓரமெல்லாம் ஆவாரம் வேண்டும். நகராட்சிகள் மனசு வைத்தால் முடியாத காரியமில்லை.