மலைக்குப் போகிற காசு யார் கைக்குப் போகிறது?

நவரை அறுவடை முடிந்து, வைக்கோலைப் போர் போட்டுவிட்டால், எங்கள் தாமல் பக்கத்தில் உழவனுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். கோடை மழை பெய்து தக்கைப்பூண்டு விதைக்கிற வரைக்கும் பெரிய வேலை இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் பேரப்பிள்ளைகள் "தாத்தா, கொடைக்கானல் போகலாம்" என்று ஆரம்பிப்பார்கள். மாட்டை யார் பார்த்துக்கொள்வது என்பதற்குப் பக்கத்து வீட்டில் விடை கிடைத்துவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். உழவன் என்றால் வருஷம் முழுக்க வரப்பிலேயே கிடக்க வேண்டும் என்று யார் சொன்னது? போகட்டும். எப்படிப் போகிறோம், காசை எங்கே கொடுக்கிறோம் என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

வங்கியில் இருந்தவன் வரவு செலவு எழுதாமல் ஊர் சுற்ற மாட்டான். போன சித்திரையில் நாங்கள் ஐந்து பேர், மூன்று நாள், மொத்தச் செலவு 31,400 ரூபாய். வண்டிக்கு 14,000. அறைக்கு 9,000. சாப்பாட்டுக்கு 5,600. படகு, நுழைவுச்சீட்டு, குதிரைச் சவாரி, சாக்லேட் எல்லாம் சேர்த்து 1,950. பூண்டும் வெண்ணெய்ப்பழமும் வாங்கி மலை விவசாயி கையில் நேராகக் கொடுத்தது 850. நூற்றுக்கு மூன்று ரூபாய்கூட வரவில்லை. நீங்களும் உங்கள் பயணத்துக்கு இப்படி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. வருகிறவர்கள் கோயில் பார்ப்பார்கள், பெரிய கடையில் பட்டு எடுப்பார்கள், போய்விடுவார்கள். தறியில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்தவர் எத்தனை பேர்?

கூட்டம் பெருத்துவிட்டது என்று உயர் நீதிமன்றமே தலையிட்டு, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 சீசனுக்குக் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வந்தது. நல்லதுதான். ஆனால் வண்டியை எண்ணினால் நெரிசல் குறையும், மலை உழவரின் வருமானம் கூடிவிடாது. அது கூடாவிட்டால் நிலம் நிற்காது. கடன் மனு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: விளைச்சலைவிட மனை மதிப்பு பல மடங்கு ஏறிவிட்ட இடத்தில், ஒரு போகம் தவறினாலே வீட்டில் விற்கிற பேச்சு வந்துவிடும். நெடுஞ்சாலை ஓரத்தில் நிலம் வைத்திருக்கிற எங்களுக்கு அந்தப் பேச்சு நன்றாகத் தெரியும். அங்கே மனைப் பிரிவுக்குப் பதில் காட்டேஜ், அவ்வளவுதான் வித்தியாசம்.

பூம்பாறைக்குப் போகிறவர்கள் சாலையில் நின்று படிக்கட்டு வயலைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் அந்த வரப்பில் நடந்தால் நமக்குப் பாடமே இருக்கிறது. சரிவில் மண் அரிக்காமல் எப்படிக் கல் அடுக்கியிருக்கிறார்கள், விதைப்பூண்டை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று கேட்டால் சொல்லாமலா இருப்பார்கள்? கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் கிடைத்தது சரி, அதை நம்பி விலை கொடுக்கிற கை வேண்டாமா? மலையில் எல்லாமே இயற்கை விவசாயம் என்று நினைத்துவிடாதீர்கள். கேரட்டுக்கும் உருளைக்கும் மருந்து அடிப்பவர்கள் அங்கேயும் நிறைய உண்டு. அதனால்தான் அடிக்காதவரைத் தேடிப் போய் வாங்க வேண்டும் என்கிறேன்.

வட்டக்கானலுக்குக் கீழே வெள்ளகவி இருக்கிறது. நெடுங்காலமாகச் சாலை இல்லாத ஊர். ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. காப்பி, ஆரஞ்சு, வெண்ணெய்ப்பழம் எல்லாம் குதிரை முதுகிலும் ஆள் தலையிலும்தான் போகும். நமக்கு அது மலையேற்றப் பாதை. அவர்களுக்கு அதுதான் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வழி. அந்தப் பாதையில் பை நிறைய நொறுக்குத் தீனியைச் சுமந்து போய், காலி உறையை அங்கே போட்டுவிட்டு, ஒரு கிலோ காப்பிக்கொட்டைகூட வாங்காமல் வருவதை நான் சுற்றுலா என்று சொல்ல மாட்டேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மாசி, பங்குனி என்றால் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு வசந்த காலம், மலைக்குத் தீக்காலம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காய்ந்த புல்லில் பிடித்த தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது. 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்து உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாக வைத்தது. 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் என்று நிறுத்தியும் வைத்தது. பொறுத்திருந்து கோடை மழைக்குப் பிறகு போவோம். காட்டுக்குள் போனால் உள்ளூர் வழிகாட்டியோடு போவோம். அந்தக் கூலி மலையிலேயே தங்கும்.

நம் இயக்கம் இதைக் கையில் எடுக்கலாம் என்பது என் யோசனை. வருஷத்துக்கு ஒரு தடவை, நவரை முடிந்த கையோடு, இருபது இருபது பேராக அரசுப் பேருந்தில் போவோம். மலை உழவர் வீட்டில் இருக்கிற இடத்தில் தங்கி, அவர்கள் போடுகிற சாப்பாட்டுக்கு நியாயமான விலை கொடுத்து, அவர்கள் வயலிலேயே நடப்போம். "இதுவே நாளைக்கு ரிசார்ட் ஆகிவிடாதா சார்?" என்று கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான பயம். அதற்காகத்தான் புதிதாக ஒரு அறைகூடக் கட்டக்கூடாது, பயிர் செய்யாதவர் வீட்டில் தங்கக்கூடாது என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பக்கமாக மட்டும் போய்வந்தால் அவர்கள் விருந்து வைப்பவர்கள், நாம் விருந்தாளிகள் என்றே ஆகிவிடும். தை மாதம் சம்பா அறுக்கும்போது அவர்களும் இறங்கி வரட்டும். ஏரிப் பாசனம் எப்படி நடக்கிறது என்று பார்க்கட்டும், அரிசி வாங்கிப் போகட்டும், பூண்டு கொண்டுவந்து விற்கட்டும். தாமலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆறு பேர் படுக்கலாம். மழை வந்தால் உள்ளே கூடம் இருக்கிறது.