ஆசிரியர் பணியும் அமானிதமே

அரசியல் தலைவர் ஒருவர் மீது வழக்கு வந்தால், அவருடைய கட்சியைப் பார்த்தே நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். நமக்கு வேண்டியவரெனில் பழிவாங்கல், வேண்டாதவரெனில் ஊழல். உறவினருக்கே பாதகமாயினும் நீதியின் பக்கம் நிற்குமாறு திருக்குர்ஆன் (4:135) பணிப்பதை அப்போது மறந்துவிடுகிறோம்.

கல்வித்துறை சார்ந்த இரண்டு வழக்குகளை எண்ணிப் பார்ப்போம். ஹரியானாவில் 1999-2000இல் 3,206 ஆசிரியர்களை நியமித்ததில் நடந்த முறைகேட்டுக்காக, முன்னாள் முதல்வர் ஓம் பிரகாஷ் சௌதாலாவுக்கு 2013இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேற்கு வங்கத்தில் முன்னாள் கல்வி அமைச்சர் பார்த்தா சாட்டர்ஜி 2022 ஜூலையில் கைதானார். அவர் குற்றவாளியா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த மாநிலத்தில் 2016 தேர்வின் வழி நடந்த 25,753 நியமனங்கள் செல்லாதவை என்பதை 2025 ஏப்ரல் 3 அன்று உச்சநீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. மூல விடைத்தாள்கள் அழிக்கப்பட்டதால் முறைகேடு முழுவதையும் பிரித்தறிய இயலவில்லை. நேர்மையாகத் தேறியவர்களும் வேலையிழந்தனர்.

2000இல் முதல் வகுப்பில் சேர்ந்த ஹரியானாக் குழந்தை, 2013இல் தீர்ப்பு வருமுன்னரே பள்ளி வயதைக் கடந்திருக்கும். நீதிமன்றம் குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பலாம். இழந்த பாடத்தை அந்தக் குழந்தைக்குத் திருப்பித் தர இயலாது.

லஞ்சம் வாங்குபவரை மட்டுமன்றிக் கொடுப்பவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள். பணம் கொடுத்து வேலை வாங்குவோர் வேற்றுலகத்தார் அல்லர். நகையை விற்று, நிலத்தை அடகு வைத்து, “பிள்ளைக்கு ஒரு வழி பிறக்கட்டும்” என எண்ணும் பெற்றோரே. ஒரு பிள்ளைக்கு வாங்கிய அந்த வழி, தகுதியுள்ள வேறொரு பிள்ளையின் வழியை அடைக்கிறது. ஒரு வகுப்பறையின் எதிர்காலத்தையும் கெடுக்கிறது. பின்னர், “அரசுப் பள்ளியில் பாடம் நடப்பதில்லை” என்று நாமே பிள்ளைகளை வெளியேற்றுகிறோம். மாணவர் குறையக் குறையப் பள்ளி மேலும் நலிகிறது.

ஆலங்குடி வாழ் நமக்கு வேறொரு மரபும் உண்டு. 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத் தொண்டர்கள் ஊதியமின்றிக் கற்பித்தார்கள். புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றார்கள். விலை கொடுத்துப் பெறாத ஆசிரியப் பணி எவ்வளவு சாதிக்கும் என்பதற்கு நம் மாவட்டமே சான்று.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. அதன் கூட்டங்களுக்குத் தந்தையரும் தாய்மாரும் தவறாது செல்வோம்; ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் எழுத்தில் கேட்போம். வேலைக்குப் பணம் கேட்கும் தரகரை வாசலிலேயே திருப்பி அனுப்புவோம். தலைவர்களின் அமானிதத்தைப் பற்றிக் கேட்கும் தகுதி அப்போதுதான் நமக்கு வரும்.