இரண்டாவது உறை

வர்த்தமானியில் வேலை அறிவித்தல் வெளிவந்தால் தன்னாமுனை இளைஞர்கள் இரண்டு உறைகள் வாங்குகின்றனர். ஒன்றின் இடப்பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதிப் பதிவுத் தபாலில் சேர்க்கின்றனர். மற்றது அரசியல்வாதியின் அலுவலகத்துக்குக் கையோடு போகின்றது. தெரிவு செய்யும் அதிகாரி யாரென அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த கதவைத் தட்டுகின்றனர்.

இப்பழக்கத்தை அவர்களா உண்டாக்கினார்கள்? 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்தன அரசின் தொழில் வங்கித் திட்டத்தில், பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு ஆயிரம் விண்ணப்பப் படிவங்கள் என்று பங்கிடப்பட்டன. படிவம் வாங்குவதற்கே உறுப்பினரின் வாசலில் நிற்கவேண்டிய நிலை. அந்தப் பாடத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை.

2001ஆம் ஆண்டின் 17ஆவது அரசியலமைப்புத் திருத்தமோ, அரசாங்க சேவை ஆணைக்குழுவின் தீர்மானத்தில் செல்வாக்குச் செலுத்த முயல்வதை ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. நல்ல சட்டம்தான். ஆனால் செல்வாக்குத் தேடுவது வேறு, விசாரிப்பது வேறு. விண்ணப்பம் கிடைத்ததா, நேர்முகப் பரீட்சை எப்போது என்று கேட்பது குற்றமன்று.

2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையிலுள்ள தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு ஒரு வழி திறந்திருக்கின்றது. தகவல் அதிகாரியின் விபரம் அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். எழுத்தில் கேட்டால், தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் அவர் தீர்மானிக்கவேண்டும். தெரிவாகாதவர் தமது புள்ளிகளையும் இவ்வழியே கேட்கலாம்.

எனினும் இது காரியம் முடிந்தபின் கேட்பது. அறிவித்தலிலேயே பொறுப்பான அதிகாரியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அச்சிட்டால் என்ன? தன்னாமுனையிலிருந்து தமிழில் கேட்பவருக்குத் தமிழிலேயே பதில் சொல்லக்கூடியவராகவும் அவர் இருத்தல் வேண்டும்.