ஒரே மாதம், இரண்டு கடிதங்கள்

அரசியல் பெரும்புள்ளிகளின் அந்தரங்கக் கடிதங்கள் பல வருடம் கழித்து வெளிவரும்போதெல்லாம் ஒரு கூட்டம் உருக ஆரம்பித்துவிடும். "பாருங்க, மனசுக்குள்ள எவ்வளவு வேதனைப்பட்டிருக்கார்!" எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வேதனைப்பட்டார், சரி. யாரிடம் சொன்னார்?

1957 மார்ச். அல்ஜீரியா பிரான்சின் பிடியில் இருந்தது. அல்ஜியர்ஸில் விடுதலைப் போராளிகளை ஒடுக்கும் பொறுப்பு ராணுவத்தின் கையில். அங்கே காவல்துறை நிர்வாகத்தைக் கவனித்தவர் பால் டெட்ஜென். உலகப்போரின்போது கெஸ்டபோவிடம் சித்திரவதைப்பட்டவர். அன்று தனக்கு நடந்த கொடுமையின் தடயங்களை இன்று கைதிகளிடம் பார்க்கிறேன், என்னை விடுவியுங்கள் என்று அமைச்சர் ரொபேர் லகோஸ்துக்கு எழுதினார்.

நேர்மையான கடிதம்தான். ஆனால் அது மேஜை டிராயருக்குள் போனது. டெட்ஜென் பதவியை விட்டது செப்டம்பரில். இடையில் ஜூன் மாதம் மொரீஸ் ஓதான் என்ற 25 வயது கணித ஆசிரியரை ராணுவம் பிடித்துப்போனது, திரும்பவே இல்லை. டெட்ஜெனின் கடிதம் ஊருக்குத் தெரிந்தது 1960ல்!

அதே மார்ச்சில் இன்னொரு கடிதம். அலி பூமென்ஜெல் என்ற வழக்கறிஞர் ராணுவக் காவலில் இறந்தார். மாடியிலிருந்து குதித்துத் தற்கொலை என்றார்கள். அவருக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்த ரெனே கபித்தான், டிகோலின் முன்னாள் கல்வி அமைச்சர். இப்படி நடக்கும்வரை சட்ட வகுப்பு எடுக்க மாட்டேன் என்று கல்வி அமைச்சருக்கு எழுதி, அதைப் பத்திரிகைக்கும் கொடுத்தார். இப்படிக் குரல்கள் பகிரங்கமாகக் கிளம்பிய பிறகுதான் பிரதமர் கி மொல்லே ஏப்ரலில் ஒரு விசாரணைக் குழுவையாவது அறிவித்தார். சித்திரவதை நிற்கவில்லை, உண்மைதான். ஆனால் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல இனி யாருக்கும் வழியில்லை.

டெட்ஜென் உள்ளே இருந்ததால்தானே காணாமல் போனவர்கள் 3,024 பேர் என்ற கணக்காவது கிடைத்தது என்பீர்கள். ஆமாம், கணக்கு கிடைத்தது. ஆட்கள் கிடைக்கவில்லையே ஐயா!

என் கோபம் டெட்ஜென் மேல் அதிகமில்லை. லகோஸ்த் மேல்தான். ரகசியக் கடிதம் அமைச்சருக்கு ரொம்ப வசதி. படித்துவிட்டுப் படிக்காதவர் மாதிரி இருக்கலாம்.

ஓதானைக் கொன்றதற்குப் பிரெஞ்சு அரசே பொறுப்பு என்று ஜனாதிபதி மக்ரோன் ஒப்புக்கொண்டது 2018ல். பூமென்ஜெல் கொல்லப்பட்டார் என்று ஒப்புக்கொண்டது 2021ல். அறுபது வருடத்துக்கும் மேல்! எழுதுகிற மனசாட்சி உயிரோடிருப்பவனுக்கு உதவ வேண்டுமென்றால், அன்றே தெருவுக்கு வர வேண்டும். டிராயருக்குள் கிடக்கிற மனசாட்சி வரலாற்று ஆசிரியர்களுக்கு மட்டும்தான் பிரயோஜனம்.