சைக்கிளில் வருகிறவளுக்கும் ஃபெரிக் காசு கொடுங்கள்

யாங்கோனின் ஷ்வேப்யிதாவில் காலை ஆறரை மணிக்குத் தெருமுனையில் நின்று பார்த்தால், வண்டிகளைவிட நடக்கிறவர்கள்தான் அதிகம். வாத்தயா, தாதுகன் தொழிற்பேட்டைகளுக்குப் போகும் பெண்கள் கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்தைப் பூசிக்கொண்டு, கையில் சோற்று அடுக்கோடு கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். சைக்கிள் வைத்திருப்பவள் தோழியைப் பின்னால் ஏற்றிக்கொள்கிறாள். தூரத்தில் குடியிருப்பவர்களை ஆலையின் ஃபெரி பஸ் கொண்டுவந்து இறக்குகிறது. மழை பிடித்துக்கொண்டால் நாலைந்து பேர் காசு சேர்த்து சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா பிடிக்கிறார்கள்.

நான் யாங்கோன் தமிழச்சி. இங்கே ஓர் ஆயத்த ஆடை ஆலையில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். 'காரை விடுங்கள், சைக்கிளில் வாருங்கள், சுற்றுச்சூழலைக் காப்பாற்றுங்கள்' என்று ஊழியர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. நல்ல பேச்சுதான். ஆனால் எங்கள் ஊரில் அதைத் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவளிடம் போய்ச் சொல்வதில் நியாயமே இல்லை. அவளிடம் கார் ஏது? அவள் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் புகையில்லாமல்தான் வந்துகொண்டிருக்கிறாள். அதற்காக அவளுக்கு யாரும் ஒரு காசு கொடுத்ததில்லை.

சம்பளப் பட்டியலைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். காரில் தனியாக வரும் அதிகாரிக்குப் பெட்ரோல் காசு உண்டு. ஃபெரியில் வருகிறவளுக்காக ஆலை பஸ் வாடகை கட்டுகிறது. நடந்தோ சைக்கிளிலோ வருகிறவளின் பெயருக்கு நேரே அந்தக் கட்டம் காலி. ஆலைக்கு மிகக் குறைந்த செலவு வைப்பவள் அவள்தான். அவளுக்குத்தான் ஒன்றும் இல்லை. போக்குவரத்துக்கென்று ஒதுக்கும் பணம் வண்டிக்குப் போகாமல் ஆளுக்குப் போக வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். ஃபெரி இருக்கட்டும், அது பலபேர் சேர்ந்து வரும் நல்ல ஏற்பாடு. ஆனால் ஃபெரி வேண்டாம் என்கிறவளுக்கு, அவளுக்காக ஆகியிருக்கும் செலவைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

இந்தக் காசு அவளுக்குச் சின்னக் காசு இல்லை. 2018-ல் ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி 4,800 கியாட் என்று நிர்ணயித்தார்கள். அதன் பிறகு 2023-லும் 2024-லும் படி என்ற பெயரில் ஆயிரம் ஆயிரமாகச் சேர்த்தார்கள். விலைவாசி அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. சைக்கிளுக்கு டயரும் ட்யூபும் மாற்ற வேண்டுமென்றால் சில நாள் கூலி போய்விடுகிறது. அதனாலேயே துருப்பிடித்து வீட்டு வாசலில் சாய்ந்து கிடக்கும் சைக்கிள்களை இங்கே சந்துக்குச் சந்து பார்க்கலாம்.

உலகத்தில் இல்லாத எதையும் நான் கேட்டுவிடவில்லை. பெல்ஜியத்தில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு முதலாளி கிலோமீட்டர் கணக்குப் போட்டுப் பணம் தருகிறார். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கே அரசு செய்ததில் ஒரு சின்னப் பங்கை இங்கே ஆலைகள் செய்தால் போதும்.

சைக்கிளே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 2019-ல் மைக் தான் துன் வின் என்ற மியான்மர் தொழில்முனைவர் 'லெஸ்வாக்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாடகை சைக்கிள் கம்பெனிகள் மூடிய பிறகு கேட்பாரற்றுக் கிடந்த பத்தாயிரம் சைக்கிள்களை வாங்கி, பள்ளிக்கு நெடுந்தூரம் நடக்கும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதான் அந்தத் திட்டம். தனி மனிதர் ஒருவர் துணிந்து செய்ததை, ஆயிரம் பேருக்கு வேலை கொடுக்கும் ஆலை செய்ய முடியாதா? ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்களை மொத்தமாக வாங்கி, வட்டியில்லாத் தவணையில் கொடுக்கலாம். பிடித்தம் செய்யும் கணக்கை என்னைப் போன்றவர்கள் சந்தோஷமாக எழுதுவோம்.

காசு மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். யாங்கோன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்கு 2003-லிருந்து தடை. பல பெரிய சாலைகளில் சாதாரண சைக்கிளையும் விடுவதில்லை. 2011-ல் கார் இறக்குமதியைத் தளர்த்தியதும் நகரம் கார்களால் நிறைந்துவிட்டது. 2017 ஜனவரியில் வந்த ஒய்.பி.எஸ். என்ற நகரப் பேருந்துகள் பழைய வண்டிகளைவிடத் தேவலாம். ஆனாலும் ஷ்வேப்யிதாவின் உட்சந்தில் இருப்பவள் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்துதானே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை, இருட்டு. காலையில் சைக்கிளில் வருகிறவளிடம் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து, 'இன்றைக்கு ஓவர்டைம் இருக்கிறது' என்று சூப்பர்வைசர் சொல்கிறார். வேலை முடியும்போது வெளியே கும்மிருட்டு. மின்வெட்டு என்றால் தெருவிளக்கும் இருக்காது. 2021 மார்ச்சில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்ட வட்டாரம் இது. இரவில் ஒரு பெண் தனியாக சைக்கிள் மிதிக்க அஞ்சுவதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. 'ஃபெரியில் ஏறிக்கொள்கிறேன்' என்று கேட்டால், பட்டியலில் உன் பெயர் இல்லை என்கிறார்கள். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாவது முறை அவள் சைக்கிளை எடுக்கமாட்டாள். ஃபெரியில் பெயர் கொடுத்துவிடுவாள், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

ஆகவே ஓவர்டைம் உண்டா இல்லையா என்பதை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சைக்கிளைப் பூட்டிவைக்கக் கூரையோடு ஓர் இடமும், மழையில் நனைந்து வருகிறவள் துணி மாற்ற ஓர் அறையும் கொடுங்கள். இருட்டிவிட்டால் பட்டியல் பார்க்காமல் யாரையும் ஃபெரியில் ஏற்றுங்கள், சைக்கிள் அன்றிரவு ஆலையிலேயே நிற்கட்டும். மறுநாள் காலையிலும் அதே ஃபெரியில் அவளுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.